தலையில் சிவப்பு நூல்

மருமகள் போட்டியிடும் இடத்தில் மாமனார் நடுவராக உட்காரலாமா? தூண்டில் சங்கத்தில் அன்று காலை அதுதான் பேச்சு.

செயலாளர் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்தார். நடுவரான பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தூண்டில் ஈ மேல பேர் எழுதியிருக்கா, நம்பர் எழுதியிருக்கா?"

"நம்பர்தான்."

"அப்புறம் என்ன? மருமக எல்லாம் வீட்டோட. இங்க எனக்கு எல்லாரும் நம்பர்தான்."

செயலாளர் நடுவர் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். அவருக்குச் சங்கத்தில் 'தராசு' என்றே பெயர். ஒருமுறை சொந்தத் தம்பி பிடித்த மீனையே அளவு போதாது என்று தண்ணீரில் திரும்ப விடச் சொன்னவர். தம்பி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். தராசு அதற்காக வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

போட்டி இதுதான். சின்னத் தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் வைத்து நூலால் சுற்றி, ட்ரவுட் மீன் நிஜப் பூச்சி என்று ஏமாறுகிற மாதிரி ஓர் ஈ கட்ட வேண்டும். வீட்டில் கட்டி, பெயரை உள்ளே எழுதி ஒட்டிய உறையோடு கொடுத்தால், செயலாளர் இரண்டுக்கும் ஒரே நம்பர் போட்டுவிடுவார். ஜெயித்தால் கோப்பை எல்லாம் கிடையாது. ஏரிக்கரை விடுதிக்கு வருஷம் முழுக்க ஈ கட்டிக் கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம்.

தராசின் மகன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவன் இப்போது வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். எதுவும் ஒழுகவில்லை.

தராசு ஈக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தொட்டியில் மிதக்கவிட்டார். முதல் இரண்டும் முங்கின. மூன்றாம் நம்பரைப் போட்டதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இறகின் நுனிகளில் நின்றுகொண்டு, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது. மெதுவாக ஊதிப் பார்த்தார். சாயாமல் நகர்ந்தது. தன் வாழ்நாளில் இப்படி ஒன்று தனக்குக் கைகூடியதில்லை என்று அவருக்குத் தெரியும்.

நான்கு பரவாயில்லை.

ஐந்தும் நல்ல ஈதான். மிதந்தது, ஆனால் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதன் தலை முடிச்சு சிவப்பு நூலில் இருந்தது.

சங்கத்தில் எல்லாரும் தலை முடிச்சைக் கறுப்பு நூலில்தான் போடுவார்கள். அவருக்குத் தெரிந்து சிவப்பில் போடுகிறவள் ஒரே ஒருத்தி, மருமகள். சாப்பாட்டு மேசை ஓரத்தில் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியை மாட்டிவைத்துக்கொண்டு அவள் அந்த நூலைச் சுற்றுவதை அவர் தினமும் பார்க்கிறார்.

தராசு ஐந்தை இன்னொரு முறை மிதக்கவிட்டார். இன்னொரு முறை சாய்ந்தது. அவர் இருமினார்.

"அஞ்சு," என்றார்.

செயலாளர் மூன்றாம் நம்பரைக் காட்டினார். "இது இன்னும் நல்லா நின்ன மாதிரி இருந்ததே?"

"கழுத்தைச் சுத்தியிருக்கிற இறகு நீளம். பாக்க அழகா இருக்கும். மீன் என்ன போட்டோ எடுக்கவா வருது?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் சொல்லிவிட்ட பிறகு இறகு நீளமாகத்தான் தெரிந்தது.

ஐந்தாம் நம்பர் உறையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது பக்கத்துத் தெருத் தையல்காரியின் பெயர். அவள் நம்பாமல் உறையை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். மருமகள்தான் முதலில் கைதட்டினாள்.

"சொந்த மருமகளையே தள்ளிட்டாரே மனுஷன்!" செயலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காலைல பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. தராசுன்னா தராசுதான்."

தராசு கையைக் கொடுத்தார். முகத்தைக் கொடுக்க முடியவில்லை.

வீடு வந்து, மருமகள் மேசை முன் உட்கார்ந்ததும்தான் கேட்டார்.

"ஏம்மா, உன் சிவப்பு நூல் எப்படி அந்தத் தையல்காரி கைக்குப் போச்சு?"

"நான்தான் மாமா கொடுத்தேன். கட்டற நூல் தீந்துபோச்சுன்னு வந்து நின்னாங்க. எனக்கு அது தேவைப்படல."

"ஏன்?"

"இந்தத் தடவை நான் கறுப்புலதான் கட்டினேன். சிவப்பைப் பாத்தா என்னோடதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. எனக்குப் போட்டா நாலு பேர் பேசுவாங்க. போடலைன்னா உங்க மனசு கஷ்டப்படும். எதுக்கு உங்களுக்கு அந்தச் சங்கடம்?"

தராசு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சமையலறையில் மகன் இன்னொரு குழாயைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மருமகள் திரும்பி வந்த தன் ஈயை இடுக்கியில் மாட்டினாள். சின்னக் கத்தரியை எடுத்து, அதன் கழுத்து இறகைச் சுற்றிலும் நறுக்கிக் குட்டையாக்கினாள். துணுக்குகளை ஊதிவிட்டு, அவர் பக்கம் நீட்டினாள்.

"நீளம்னு நீங்க சொன்னது நியாயம்தான் மாமா. வெட்டிட்டேன். இப்ப பாருங்க, மூணாம் நம்பர் தேறுமா?"