வரிசையில் அடுத்த பெயர்

கனடாவில், வோபர்ன் வீட்டு யன்னலில் பனிவெளிச்சம். குலேந்திரன் பழைய புரோகிரசிவ் ராக் இசைத்தட்டின் உறையை மடியில் விரித்து வைத்திருக்கிறார். எழுபத்துநாலாம் ஆண்டில், கொழும்பு விடுதியில், அதைக் கேட்கக் காத்திருந்த முப்பத்தொரு பேரின் பெயர்கள் உள்ளே பென்சிலில் இருக்கின்றன. கேட்டு முடித்தவர்களின் பெயரில் கோடு கிழித்திருக்கிறது. அவருடைய பெயரோடு கோடுகள் நின்றுவிடுகின்றன.

“உங்களுக்குப் பிறகு பதினெட்டுப் பேர் நிக்கினமே?” என்கிறாள் மனைவி புஷ்பராணி.

“குடுக்க மனம் வரேல்லை. துலைஞ்சு போச்செண்டு சொல்லிப்போட்டன்.”

“அடுத்த பேர் இஞ்ச மார்க்கத்தில இருக்கிற சிவநேசன் அண்ணையெல்லோ! போன் எடுத்துச் சொல்லுங்கோ.”

சொல்லி முடித்ததும் மறுமுனையில் சிரிப்பு.

“அட கள்ளா! எத்தினை நாள் உன்ர கதவடியில வந்து நிண்டனான்! இப்ப உந்தத் தட்டை ஆரடாப்பா கேக்கிறது? நீயே வைச்சிரு.”

சிரிப்பு நின்று, அழைப்பும் துண்டிக்கப்பட்ட பிறகும் குலேந்திரன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.