செருப்புச் சத்தம்

செவற்குளம் ஜமீன் தோட்டத்தை, அதன் பழைய மண்ணின் நினைவிலிருந்தே மறுபடி முளைக்க வைத்திருந்தாள் வடிவழகி. அந்தி சாய்ந்தால் மல்லிகை மணத்தில் தோட்டமே தூக்கத்தில் மிதப்பது போலிருக்கும். ஆனால் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அன்று, செருப்புச் சத்தம் கேட்டதும் பூக்களெல்லாம் மூடிக்கொண்டன. செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாதென்ற ஜமீன் காலத்துக் கட்டுப்பாட்டையும் மண் மறக்கவில்லை.

சன்னாசி என்ற பெரியவர் தனியாக நுழைந்தபோது மட்டும் மல்லிகைப் பந்தல் முழுக்க வெள்ளையாய் விரிந்தது. அவர் செருப்பு கையில் இருந்தது.

"ஏன்யா கழட்டிட்டீங்க?" என்றாள் வடிவழகி.

"இந்தத் தெருவுக்கு வந்தாலே எங்கப்பா கழட்டிருவாரு தாயி. எனக்கும் கை தன்னால போயிருச்சு."

வடிவழகியோடு நின்ற அரசு அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாரையும் வாசல்லயே கழட்டச் சொல்லிருவோம். பூ பாக்கத்தான வாராங்க?"

வடிவழகி செருப்பை வாங்கிப் பெரியவரின் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கிட்டு நடங்கய்யா."

அவர் தயங்கித் தயங்கி நடந்தார். பந்தல் அவர் கூடவே மூடிக்கொண்டு வந்தது.

"எல்லாம் மூடுதே தாயி."

"மூடட்டும். நாளைக்கும் வாங்க. அதுகளும் பழகணும்ல."