இருநூறு அடியில் நின்ற எஞ்சின்

"எஞ்சின் பழுதுன்னே எழுது. இருநூறு அடிக்கு மேல ஏறலை, மூச்சை விட்டுடுச்சே!"

கணவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி சொல்ல, மனைவி சாப்பாட்டு மேசையில் விமான விபத்து அறிக்கைப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எஞ்சினைச் சரிபார்த்து அனுப்பினது என் தம்பிதாங்க. அப்படி எழுதினா அவன் வேலை போயிடும்."

"போகட்டுமே! பதறாம, ஓடுபாதைக்குத் திரும்பாம, நேரா புல்வெளியில இறக்கினதாலதான் நாம ரெண்டு பேரும் இன்னிக்குக் காபி குடிக்கிறோம். உன் தம்பியா காப்பாத்தினான்?"

"எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்துட்டாங்க. ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் வால்வுதான் மூடியிருந்துச்சாம்."

கணவரின் நடை நின்றது.

"எது, சீட்டுக்கு நடுவுல சிவப்பா இருக்குமே, அதுவா?"

"அதேதான். தொட்டீங்களா?"

"ஆயில் பார்க்க நீ கீழே இறங்கினியே, அப்ப திறந்து கிடக்குதேன்னு மூடினேன். வெளியே கிளம்பறப்ப கேஸை மூடுங்கன்னு தினமும் நீதானே கத்தறே!"

"குழாயில மிச்சமிருந்த பெட்ரோல்லதான் மேலே போயிருக்கோம்."

படிவத்தில் 'விமானி' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். 'கிளம்பும் முன் வால்வைப் பார்க்காதது என் தவறு' என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு, 'வால்வை மூடியவர்' என்று தொடங்கினாள்.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தார்.

"உன் தம்பி ஆயுசுக்கும் சிரிப்பான்மா. பேர் வேண்டாம், 'பயணி ஒருத்தர்'னு மட்டும் போடேன்?"