சாக்ஸில் கறுப்புப் புள்ளி

மருந்தடிப்பவர் வெள்ளை சாக்ஸோடு அறை அறையாக நடந்தார். தெள்ளுப்பூச்சி தாவி ஏறினால் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

"பூச்சிக்குக் காரணமானதப் போன வாரமே வீட்டவிட்டு அனுப்பியாச்சு. படுக்கையக்கூட எரிச்சாச்சு. இன்னும் கடி நிக்கலியே!" என்று கையைச் சொறிந்தாள் வீட்டுக்காரி.

காலியாகக் கிடந்த பின்னறையில் சாக்ஸ் வெள்ளையாகவே இருந்தது. கூடத்து சோபாவை நெருங்கியதும் புள்ளி புள்ளியாக அப்பிக்கொண்டது. சோபாவில் நாய் சுகமாகப் படுத்திருந்தது.

"இதாம்மா காரணம். சோபா மெத்தை பூரா முட்டை. அப்ப, போன வாரம் எதை அனுப்பினீங்க?"

பக்கத்தில் நின்ற அவள் கணவன் தலை குனிந்துகொண்டான். "எங்க அப்பாவ. முதியோர் இல்லத்துக்கு."

அவள் நாயை வாரி அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ, வாயில்லா ஜீவன், இது எங்க போகும்? மருந்து காயற வரைக்கும் மாமா ரூம்ல இருக்கட்டும். ஃபேனப் போட்டு விடுங்க."