ரெஞ்ச் பிடித்த பெண்

“இப்பத்தான் வர்றதுங்களா? போன் பண்ணி எத்தன நேரமாச்சு! அந்தா, பாத்ரூமு. சீக்கிரம் போங்க!”

வாசலில் நின்ற வெள்ளை வேட்டிக்காரரை வாயைத் திறக்கவே விடாமல் உள்ளே விரட்டினாள் தெய்வநாயகி. குளியலறை வால்வின் கைப்பிடி காலையில் கையோடு கழன்று வந்துவிட்டது. அப்போது சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது சுவரில் பீய்ச்சி அடித்தது.

ஏதோ சொல்ல வந்தவர், தண்ணீர் ஹாலை நோக்கிக் கிளம்புவதைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டினார். “ரெஞ்சு இருக்குங்களா?”

“பை கூட இல்லாம வந்திருக்கீங்க, என்ன பிளம்பருங்க நீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் தெய்வநாயகி.

அவள் பதற்றத்துக்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. மகள் வெண்ணிலாவுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து நல்ல வரன் வந்திருந்தது. முறைப்படி பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நோட்டம் விட்டுப் போவார் என்று தரகர் காதைக் கடித்திருந்தார். யார் வருவார், எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

போன வரன் அப்படித்தான் கைநழுவிப் போனது. நோட்டம் பார்க்க வந்த பெரியம்மா கண்ணில், மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்த வெண்ணிலாதான் பட்டாள். “பொண்ணா, மெக்கானிக்கா?” என்று கேட்டுவிட்டு இறங்கிய பெரியம்மா திரும்பி வரவே இல்லை. அன்றே வீட்டிலிருந்த ரெஞ்சுகள் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

“கண்ணு, இந்த வாரம் பூரா சீலை, தல நெறையாப் பூவு. இரும்புச் சாமான் எதையும் தொடப்புடாது!” என்று தெய்வநாயகி சொல்லி வைத்திருந்தாள். வெண்ணிலாவும் தலையாட்டியிருந்தாள். தலையாட்டுவதில் அவளுக்கு எந்தச் சிரமமும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து, இளம்பிள்ளைப் பட்டுச் சேலை சரசரக்க ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“கொஞ்சம் விசாரிக்கலாம்னு வந்தேனுங்க.”

நோட்டம் பார்க்க வந்தவர் இவர்தான் என்று முடிவு கட்டினாள் தெய்வநாயகி. அம்மாளை சோபாவில் உட்காரவைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

“அக்கம்பக்கத்துல எல்லாரும் எப்படிங்க?”

“தங்கமானவங்க! எங்களப் பத்தி யாரை வேணாலும் கேளுங்க.”

“சத்தம் கித்தம் இருக்குங்களா?”

“எம் பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாளுங்க.”

சொல்லி வாய் மூடவில்லை. டேங்க் வால்வை மூட மொட்டை மாடிக்கு ஓடியிருந்த அந்தப் பெண்ணின் குரல், ஊருக்கே கேட்கும்படி இறங்கி வந்தது. “நின்னுருச்சுங்களா?”

“நின்னுருச்சு, வா அம்மிணி!” என்று குளியலறையிலிருந்து பதில் போனது.

வெண்ணிலா இறங்கி வந்தாள். வரும் வழியிலேயே அரிசி டின் பக்கம் போய் இரண்டு ரெஞ்சுகளையும் எடுத்துக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள்.

“பைப்பை நான் ஒரு ரெஞ்சுல புடிச்சுக்கறேனுங்கண்ணா, நீங்க வால்வைத் திருகுங்க. இல்லாட்டி செவுத்துக்குள்ள முறிஞ்சுரும்.”

“அண்ணான்னு மட்டும் கூப்புடாத, சாமி.”

“ஏனுங்க?”

“வயசாயிருச்சுல்ல!” என்று சிரித்தபடி பழைய வால்வைக் கழற்றினார் அவர். காலையிலேயே வாங்கி வைத்திருந்த புது வால்வை அவள் எடுத்துக் கொடுத்து, குழாயின் மரையில் டேப்பைச் சுற்றுவதை வேடிக்கை பார்த்தார். “இதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தாங்க?”

“நானாத்தான் கத்துக்கிட்டேன். எங்க ஊட்டுச் சாமானெல்லாம் ஞாயித்துக்கெழமை பாத்துத்தானுங்க கெட்டுப்போவும். அன்னிக்கு ஆரு வருவாங்க?”

தெய்வநாயகி குளியலறையை எட்டிப் பார்த்தாள். மகள் தொப்பலாக நனைந்திருந்தாள். முழம் முழமாக வைத்துவிட்ட மல்லிகை தரையில் மிதந்தது. “அடிப்பாவி! அந்தம்மா பாத்தா இதுவும் போச்சு. போயித் தலையத் துவட்டு!” என்று பல்லைக் கடித்தாள்.

“வால்வு பாதியில நிக்குதும்மா. முடிச்சுட்டு வாரேன்.”

வேறு வழியில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள் தெய்வநாயகி. அந்த அம்மாள் கடைசி முறுக்கையும் முடித்துவிட்டு எழுந்தார்.

“எனக்கு எல்லாம் புடிச்சிருக்குங்க.”

தெய்வநாயகிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “நெசமாலுமுங்களா?”

“ஆமாங்க. எதுத்த ஊட்டுச் சாவி உங்ககிட்ட இருக்குன்னாங்க. குடுத்தீங்கன்னா உள்ளயும் பாத்துருவேன். வாடகைக்குன்னு கீழ போர்டு பாத்துத்தான் ஏறி வந்தேன்.”

சாவியை எடுத்துக் கொடுத்த கையோடு சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள் தெய்வநாயகி. இந்த உபசாரத்தில் பாதியைப் போன வரனுக்குச் செய்திருந்தால்கூட இந்நேரம் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்குமே என்று ஆத்திரமாக வந்தது.

அப்போது தோளில் பையும் மேல்மூச்சு கீழ்மூச்சுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான்.

“கோவிச்சுக்காதீங்கக்கா, வண்டி பஞ்சரு. வால்வு மாத்தோணும்னு கூப்ட்டீங்களே, எங்கீங்க?”

தெய்வநாயகி குளியலறைப் பக்கம் திரும்பினாள். “அப்ப... உள்ள இருக்கறது ஆரு?”

கதவு திறந்தது. கையிலிருந்த ரெஞ்சை வெண்ணிலாவிடம் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் சிரித்த முகமாகக் கும்பிட்டார்.

“நான் பொண்ணு பாக்க வந்தவனுங்க, சம்பந்தியம்மா.”