ஒற்றைச் சிறகுக் குதிரை

திரையில் குதிரை மலை விளிம்பில் கால் வழுக்கி மூடுபனிக்குள் விழுந்தபோது, என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நகம் நன்றாகவே இறங்கியது.

காலைக் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. எழுநூறு பக்க மாயாஜால நாவலை இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் அடக்கியிருந்தார்கள்.

அந்த நாவலை அவள் பதினோரு முறை படித்தவள். பள்ளியில் கணக்கு டீச்சர். அரை மதிப்பெண்ணுக்குக்கூட இளகாதவள், ஒற்றைச் சிறகோடு ஒரு குதிரை பறக்கிறது என்றால் மட்டும் அப்படியே நம்புவாள். ஒரு சிறகை வைத்துக்கொண்டு எப்படிப் பறக்கும், ஒரு பக்கமாகச் சாயாதா என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மூன்று நாள் என் சமையலை நானே சாப்பிட்டேன்.

எனக்கு மறுபக்கத்தில் என் தங்கை. அவளும் அதே நாவல் பைத்தியம்தான். ஆனால் எதிர்க்கட்சி.

புத்தகத்தில் குதிரை விழுவதோடு அந்த அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த அத்தியாயம் அரண்மனையில் தொடங்கும். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை குதிரையைப் பற்றிப் பேச்சே இருக்காது. செத்ததா, பிழைத்ததா? பதினெட்டு வருடமாக வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் செத்த கட்சிக்கு என் தங்கை தலைவி, பிழைத்த கட்சிக்கு என் மனைவி. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போட உலகத்தில் எத்தனையோ காரணம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் இவர்கள் ஈருடல் ஓருயிர். குதிரை என்று வந்துவிட்டால் கீரியும் பாம்பும்.

என்னை எந்தக் கட்சியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அச்சகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவன், வீட்டுக்கு வந்தால் எழுத்தைக் கண்டு ஓடுகிறவன் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

எழுத்தாளரிடம் யார் கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுவார். படத்தில் அப்படி மழுப்ப முடியாது, ஏதாவது ஒன்றைக் காட்டித்தானே ஆக வேண்டும் என்று மனைவிக்கு ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. செத்துவிட்டால் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுவேன் என்று சொல்லி, ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுக்க வைத்தாள்.

போர் முடிந்தது. முடிசூட்டு விழாவும் முடிந்தது. குதிரையைக் காணோம்.

என் தங்கை என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். துக்கம் விசாரிப்பது போலிருந்தது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். எழுந்து போகத் தயாராகிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அரசி தனியாக மலை விளிம்புக்கு வந்து நின்றாள். கீழே வெறும் பனி. இசை நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு சத்தம். படபடவென்று, ஒரே ஒரு சிறகின் சத்தம்.

பனியைக் கிழித்துக்கொண்டு குதிரை மேலே வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் பறந்தது. ஆனாலும் பறந்தது.

என் மனைவி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், அரங்கமே திரும்பிப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பின்வரிசையில் யாரோ ‘டீச்சர்’ என்று அலறிக் கைதட்டினார்கள். அவள் அதையும் சட்டை செய்யாமல் இன்னொரு விசில் அடித்தாள்.

என் தங்கை என் கால்களை மிதித்துக்கொண்டு தாவி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“தோத்துட்டேன் அண்ணி. தோத்ததுக்கு இவ்ளோ சந்தோஷமா இருக்கும்னு நெனைக்கவே இல்ல.”

இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க ஏன் அழறீங்க? நீங்கதான் அந்தப் புத்தகத்தப் படிச்சதே இல்லையே.”

கண்ணில் தூசி என்றேன்.

படித்ததில்லை என்பது நான் வீட்டில் சொல்லிவைத்த பொய். அந்த நாவலை உலகத்தில் முதன்முதலில் படித்தவனே நான்தான். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து முழுதாகத் தட்டச்சு செய்தவன்.

அவர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவார். ஐந்நூறு, அறுநூறு தாளும் அப்படித்தான் வந்தன. ஒன்றை முடித்ததும் அடுத்ததை எடுப்பேன், எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை. அவரோ எழுதியதை மறுமுறை படிக்காதவர். பிழை திருத்த அனுப்பிய மெய்ப்பைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். குதிரை விழும் இடத்தை எழுதிய தாளை மேசைமேல் வைத்தார். அதைத் திருப்பினார். அதை எழுதிய அன்றைக்கு வீட்டில் தாள் தீர்ந்துபோயிருந்ததாம்.

பின்பக்கத்தில் ஆறே வரி. குதிரை செத்துக் கிடந்தது. வீரர்கள் குழி தோண்டினார்கள். அரசி கடைசிப் பிடி மண் போட்டாள்.

என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவர் பக்கத்தில் ஒரு பை நிறைய வாசகர் கடிதங்கள் இருந்தன. எல்லாமே குதிரையைப் பற்றிக் கேட்டவை. அவர் அந்தப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“விடுப்பா. அதுக்கு ஆயுசு கெட்டி.”