சிரிக்கிற ஷாட்

பிணமாக நடித்தவரைக் கடைசியில் எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச்சொல்லி ஒரு ஷாட் எடுத்துவிடுவார்கள். தோஷம் கழியத்தான். போட்டோவில் செத்தவருக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

செட் வேலைபார்க்கும் வேதகிரி அந்த டிவி தொடரில் நாலு வருஷமாகச் செத்திருந்தார். கதாநாயகியின் இறந்துபோன அப்பாவுக்கு முதல் நாள் படம் கிடைக்காமல், அவசரத்துக்கு வேதகிரியின் போட்டோவையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார்கள். தினமும் காலையில் ஏணியில் ஏறித் தன் முகத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போடுவதும் அவர் வேலைதான். கதாநாயகியாக நடிக்கும் நிவேதினி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து படத்தின் முன்னால் நின்று "அப்பா" என்று அழுவாள். வேதகிரி ஓரமாக ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போதெல்லாம் வீட்டில் மனைவி கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் அவருக்குக் காதில் விழுகிறது.

தொடர் முடிந்த அன்று படத்தை இறக்கினார்கள். வேதகிரி கேமராமேனிடம் போனார்.

"தம்பி, எனக்கும் அந்தச் சிரிக்கிற ஷாட் ஒண்ணு எடுத்துடுப்பா."

"அதுக்கென்னண்ணே, நில்லுங்க." விளக்கு எரிந்தது. "கேமரா ஓடுது. சிரிங்க."

வேதகிரி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்கண்ணே. போட்டோ மாதிரியே நிக்கிறீங்களே!"

மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய நிவேதினி, போகிற போக்கில் மானிட்டரில் அந்த முகத்தைப் பார்த்தாள். நின்றாள். செருப்பைக் கழற்றினாள்.